வயிற்று நீரில் பூஞ்சை: கல்லீரல் சுருக்க நோயில் தாமதமாகத் தெரியவரும் ஒரு தொற்று

கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், முற்றியவர்களுக்கு வயிற்றில் நீர் கோர்த்துக்கொள்ளும் என்பது பலருக்கும் தெரியும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருக்கும். மகோதரம் என்று நாட்டு வைத்தியத்தில் சொல்வது இதைத்தான். அந்த நீரில் கிருமித் தொற்று வரலாம், வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள் என்பதும் வீட்டாருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆனால் சிலருக்கு அந்த நீரில் வளர்வது பாக்டீரியாவாக இருக்காது, பூஞ்சையாக இருக்கும். இதைப் பற்றி வார்டில்கூட அதிகம் பேச்சு எழுவதில்லை.

இது அரிதான தொற்று. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே இப்படிப் பூஞ்சையால் வருவதாகச் சொல்கிறது. ஆனால் வந்துவிட்டால் நிலைமை கடுமை. வெளியான ஆய்வுகள் பெரும்பாலானவற்றில், பூஞ்சைத் தொற்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு மாதத்துக்குள் இறந்திருக்கிறார்கள். பாக்டீரியா தொற்றில் இறப்பு இதைவிடக் குறைவு. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம், பூஞ்சை பிடிப்பது ஏற்கெனவே மிக நலிந்துபோனவர்களை என்பது. இன்னொரு காரணம், பூஞ்சையாக இருக்குமோ என்ற சந்தேகமே தாமதமாக வருவது. முதலாவதை ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றலாம். அதனால் இந்தக் கட்டுரையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நீர் எப்படிச் சேர்கிறது?

கல்லீரல் திசு அழிந்து அந்த இடத்தில் தழும்பு படியப் படிய, கல்லீரல் இறுகிப்போகிறது. குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கு உள்ளே வழி கிடைப்பதில்லை, அழுத்தம் ஏறுகிறது. அதே சமயம் குடலைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. உடம்பில் ரத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. கல்லீரல் தயாரிக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதமும் குறைகிறது. இத்தனையும் சேர்ந்துதான் நீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்குகிறது. குடியால் வந்த சுருக்கமோ, ஹெபடைடிஸ் பி, சி வைரஸால் வந்ததோ, சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரலால் வந்ததோ, நீர் சேரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படித் தேங்கும் நீருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி குறைவு. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் குழு உண்டு. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. சிரோசிஸ் நீரில் இந்தப் புரதங்கள் மிகச் சொற்பம். நீரின் மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே இருந்தால் தொற்று எளிதில் வரும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

முதலில் பாக்டீரியா தொற்றைப் புரிந்துகொள்வோம்

குடலில் ஓட்டை இல்லை, குடல்வால் வெடிக்கவில்லை, வெளிக்காயமும் இல்லை. ஆனாலும் வயிற்று நீரில் கிருமி வளர்கிறது. சிரோசிஸ் நோயாளிகளிடம் காணும் இந்த விசித்திரத்தை 1964இல் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் கான் விவரித்து எழுதினார். வயிற்றறையின் உட்சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர், அங்கே வரும் அழற்சி பெரிட்டோனைட்டிஸ். வெளிப்படையான காரணம் இல்லாமல் தானாக வருவதால் தன்னிச்சைப் பெரிட்டோனைட்டிஸ் என்பார்கள்.

கிருமி வருவது குடலிலிருந்துதான். ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை அங்கே எப்போதும் குடியிருப்பவை. சிரோசிஸில் குடல் சுவர் வீங்கி, அதன் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்கிறது. குடலின் அசைவு மந்தமாகி, சிறுகுடலில் கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. கிருமிகளை அடக்கி வைக்கும் பித்த அமிலங்களும் குறைந்துவிடுகின்றன. சுவரைத் தாண்டிய கிருமிகளை வழக்கமாகக் கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் பிடித்து அழிக்கும். இறுகிய கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் மாற்றுப் பாதையில் போய்விடுவதால் அந்தக் காவலும் தப்பிப்போகிறது. இப்படி நிணநீர் வழியாகவோ ரத்தம் வழியாகவோ கிருமி வயிற்று நீரை வந்தடைகிறது.

இதற்குச் செஃபோடாக்ஸைம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் போடுவார்கள். கூடவே ஆல்புமினும் ஏற்றுவார்கள். 1999இல் ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமினும் பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கே சிறுநீரகம் கெட்டது. ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் அது 33 சதவீதம். அதன்பிறகு ஆல்புமின் உலகம் முழுக்க வழக்கத்துக்கு வந்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிகிச்சையில் இரண்டு நாளுக்குள் முன்னேற்றம் தெரியத் தொடங்கும்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

பூஞ்சை என்றதும் ஈரச் சுவரும் பழைய ரொட்டியும் நினைவுக்கு வரும், ஏதோ வெளியிலிருந்து வந்து தொற்றியதாகத் தோன்றும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. வயிற்று நீரில் அதிகம் காணப்படுவது கேண்டிடா என்ற ஒற்றைச் செல் ஈஸ்ட் வகை. ஆரோக்கியமானவர்கள் பலரின் வாயிலும் குடலிலும் அது சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருப்பதுதான். கேண்டிடா ஆல்பிகன்ஸ் முதலிடத்தில் இருக்கிறது. அதற்கடுத்து கிளப்ராட்டா, டிராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ், குரூசி என்று பல வகைகள். இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ரத்தத்தில் பிடிபடும் கேண்டிடாவில் டிராபிகாலிஸ் வகைக்குத்தான் முன்னிடம் என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எந்த வகை என்பது ஏன் முக்கியம் என்று மருந்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

குடலில் கோடானுகோடி பாக்டீரியா இருக்கும்போது கேண்டிடாவுக்கு இடமும் குறைவு, தீனியும் குறைவு. கூட்டமான பஸ்ஸில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வந்தவருக்கு, ஒரு நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்துவிடும் இல்லையா? வீரியமான ஆன்டிபயாடிக் குடலில் செய்வது அதைத்தான். பாக்டீரியா இறங்கிவிடுகிறது, கேண்டிடா இடம்பிடிக்கிறது. ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடுவதே இல்லை. ஏனென்றால் செஃப்ட்ரியாக்சோன் போன்றவை குறிவைப்பது பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள ஒரு பொருளை, பூஞ்சைக்கு அந்தப் பொருளே கிடையாது.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது, குடல் சுவரைத் தாண்டவும் வேண்டும். ஈஸ்ட் செல் பாக்டீரியாவைவிடப் பெரியது, லேசாகத் தளர்ந்த சுவரில் அவ்வளவு சுலபமாக நுழையாது. ஆகவே பூஞ்சை வயிற்று நீருக்கு வந்திருக்கிறது என்றால் குடல் சுவர் நிறையவே பழுதாகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆல்பிகன்ஸுக்குச் சொந்தமாகவும் ஒரு வித்தை உண்டு. அது உருண்டை வடிவத்தை விட்டு நூல்போல நீண்டு, திசுவுக்குள் துளைத்துப் போகும். அப்போது அது சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சுப் புரதம் செல் சவ்வில் துளைபோடுகிறது. இது 2016இல்தான் கண்டறியப்பட்டது. அவ்வளவு காலம் நம் உடம்பிலேயே இருக்கும் ஒன்றைப் பற்றி இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

கேண்டிடாவைத் தவிர, கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு ஈஸ்ட்டும் உண்டு. அது குடல்வாசி அல்ல. மண்ணிலும் புறா எச்சத்திலும் இருப்பது, மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து ரத்தம் வழியாகப் பரவுவது. எச்ஐவி உள்ளவர்களுக்கு வரும் மூளைச்சவ்வுத் தொற்றுக்குப் பேர்போனது. சிரோசிஸும் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் நோய் என்பதால், எச்ஐவி இல்லாத கல்லீரல் நோயாளிகளின் வயிற்று நீரிலும் அது எப்போதாவது வந்து சேர்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சைகள் இங்கே மிக மிக அரிது.

யாருக்கு வருகிறது?

வீட்டில் ஓரளவு நடமாடிக்கொண்டிருக்கும் சிரோசிஸ் நோயாளிக்குத் திடீரென்று இது வருவது குறைவு. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பல நாள் படுத்திருப்பவர், ஐசியூவைப் பார்த்தவர், ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக் மாறி மாறிப் பெற்றவர், சிறுநீரகமும் சேர்ந்து பழுதானவர். ரத்தப் பரிசோதனைகளை வைத்துக் கணக்கிடும், கல்லீரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்ட் எண் உயர்ந்திருக்கும். குடியால் வந்த கடும் ஹெபடைடிஸுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களிடமும், கழுத்துச் சிரையில் குழாயோ வயிற்றில் நீர் வடிக்கும் குழாயோ பல நாள் இருப்பவர்களிடமும், நரம்பு வழியாகவே முழு உணவும் பெறுபவர்களிடமும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடமும் பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு சங்கடம் உண்டு. ஒருமுறை பாக்டீரியா தொற்று வந்து மீண்டவர்களுக்கு, மறுபடி வராமலிருக்க நார்ஃப்ளாக்சசின் போன்ற மாத்திரையைத் தினமும் கொடுப்பது வழக்கம். அதுவும் குடல் பாக்டீரியாவைக் குறைக்கத்தான் செய்கிறது, பூஞ்சைக்கு இடம் கிடைக்கத்தான் செய்கிறது. அதற்காக அந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பாக்டீரியா திரும்ப வரும் வாய்ப்பு, பூஞ்சை வரும் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவருக்கும் தொற்று வந்தால், பாக்டீரியாவை மட்டுமே மனதில் வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அறிகுறியை வைத்துப் பிரிக்க முடியுமா?

முடியாது. காய்ச்சல், வயிற்று வலி, ரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீர் குறைவது, குழப்பமாகப் பேசுவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. முற்றிய சிரோசிஸில் காய்ச்சலே இல்லாமல்கூடத் தொற்று இருக்கும். குடல் ஓட்டையானவர்களுக்கு வயிறு பலகைபோல இறுகும் என்பார்கள். இங்கே சவ்வின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் நீர் நிற்பதால் அந்த இறுக்கமும் தெரியாது. ஆகவே நீரை எடுத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

நீர்ப் பரிசோதனையை எப்படிப் படிப்பது?

“தண்ணி எடுத்தா திரும்பத் திரும்ப ஊறும்” என்று வீட்டாரிடம் ஒரு பயம் இருக்கிறது. நீர் ஊறுவதற்குக் காரணம் மேலே சொன்ன போர்ட்டல் அழுத்தமும் சிறுநீரகம் பிடித்து வைக்கும் உப்பும்தான். ஊசி குத்தியதால் ஊறுவதில்லை. பரிசோதனைக்கு எடுப்பது ஒரு சிரிஞ்ச் அளவு, சில பத்து மில்லி. சிரோசிஸில் ரத்தம் உறையும் அளவுகள் கெட்டிருந்தாலும், பிளேட்லெட் குறைந்திருந்தாலும், இந்தச் சின்ன ஊசியால் பெரிய ரத்தப்போக்கு வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பிளாஸ்மாவோ பிளேட்லெட்டோ ஏற்றிய பிறகுதான் குத்த வேண்டும் என்று வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்வதில்லை.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை. கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கிவிட வேண்டும், கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, காத்திருக்கக் கூடாது. பல லேப்களில் இந்த எண்ணை நேராகத் தரமாட்டார்கள். மொத்த வெள்ளணு 900, நியூட்ரோபில் 70 சதவீதம் என்று இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 630, அதாவது தொற்று. மொத்தம் 900, நியூட்ரோபில் 10 சதவீதம் என்றால் 90தான் வரும், அப்போது யோசனை வேறு பக்கம் போக வேண்டும். குத்தும்போது நீரில் ரத்தம் கலந்துவிட்டால், 250 சிவப்பணுவுக்கு ஒரு நியூட்ரோபில் வீதம் கழித்துக்கொள்வார்கள்.

ஆனால் இந்த எண்ணிக்கை தொற்று இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். பாக்டீரியாவா பூஞ்சையா என்று சொல்லாது. அதற்குக் கல்ச்சர் வேண்டும். கல்ச்சருக்கான நீரைச் சாதா டியூப்பில் எடுத்து லேபுக்கு அனுப்புவதைவிட, படுக்கையருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் 10 மில்லி அளவு செலுத்திவிடுவது நல்லது. பாக்டீரியா விஷயத்தில், இந்த ஒரு மாற்றத்தால் கிருமி பிடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை உயர்ந்ததைப் பழைய ஒப்பீடுகள் காட்டின. கேண்டிடாவும் அதே பாட்டிலில் வளரும். கிரிப்டோகாக்கஸையோ இழைப் பூஞ்சையையோ சந்தேகித்தால் பூஞ்சைக் கல்ச்சர் என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அதைப் பூஞ்சை வளர்க்கும் சபூரோ ஊடகத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள்.

தாமதம் நுழைவது இங்கேதான். பாக்டீரியா வேகமாக வளரும், ஒரு நாளிலேயே பாட்டிலில் தெரிந்துவிடலாம். ஈஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், கிளப்ராட்டா போன்றவற்றுக்கு இன்னும் கூட. அதோடு பூஞ்சைத் தொற்று உள்ளவர்கள் பலருக்கு அதே நீரில் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும். இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். திங்கள்கிழமை நீர் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஈ. கோலை வளர்ந்திருப்பதாக லேப் போனில் சொன்னது. சரி, எதிரி யாரென்று தெரிந்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியானார்கள், பொருத்தமான ஆன்டிபயாடிக்கும் போட்டாயிற்று. வியாழக்கிழமை வரும் இறுதி ரிப்போர்ட்டில் ‘ஈஸ்ட்டும் வளர்ந்துள்ளது’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்த வரியை அன்றே ஒருவர் படித்தாரா, ஞாயிறு கழித்துப் படித்தாரா என்பதில் நோயாளியின் கதி மாறிவிடும். முதல்கட்ட ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் இறுதி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள் என்று நோயாளியின் வீட்டாருக்கு நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வாய்ப்பு, சிகிச்சை தொடங்கி 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது நீர். நியூட்ரோபில் எண்ணிக்கை முதல் அளவிலிருந்து 25 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். 1,200 இருந்தது என்றால் 900க்குக் கீழே வந்திருக்க வேண்டும். அப்படிக் குறையாவிட்டால் மூன்று கேள்விகள் எழும். பாக்டீரியா இந்த மருந்துக்கு மசியாத ரகமா? குடலில் ஓட்டை ஏதும் இருக்கிறதா? பூஞ்சையா? வழக்கமாக முதல் கேள்விக்கு மட்டும் பதில் தேடி, இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக்குக்கு மாற்றிவிட்டு மறுபடி இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். நோயாளிக்கு மேலே சொன்ன ஆபத்துகள் இருந்தால், மூன்று கேள்விகளையும் ஒரே நாளில் கேட்டுவிடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

கல்ச்சருக்குக் காத்திருக்காமல் பூஞ்சையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, பீட்டா-டி-குளுக்கான். பூஞ்சையின் செல் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை அது அளக்கிறது. ஆனால் அது ஏமாற்றவும் செய்யும். ஏற்றிய ஆல்புமினாலும், சில வகை டயாலிசிஸாலும்கூட அளவு உயர்ந்து காட்டும். இந்த நோயாளிகளுக்கு ஆல்புமின் ஏற்றாமல் இருப்பதே அரிது! கிரிப்டோகாக்கஸ் இருந்தாலோ அது பெரும்பாலும் உயராது. அதற்கு, கிருமியின் பொருளையே தேடிப் பிடிக்கும் ஆன்டிஜென் பரிசோதனை தனியாக இருக்கிறது, அது நம்பகமானது, முடிவும் சீக்கிரம் கிடைக்கும்.

பூஞ்சை இருக்கிறது, அணுக்கள் கூடவில்லை என்றால்?

சில சமயம் கல்ச்சரில் கேண்டிடா வளரும், நியூட்ரோபில் எண்ணிக்கையோ 250க்குக் கீழே இருக்கும். சவ்வில் அழற்சி இல்லை, நீரில் பூஞ்சை மட்டும் இருக்கிறது என்று இதைத் தனி வகையாகப் பிரிப்பார்கள். சிறுநீர்க் குழாய் போட்டவரின் சிறுநீரிலோ சளியிலோ கேண்டிடா வளர்ந்தால் பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை, அது அங்கே ஒட்டிக்கொண்டு இருப்பது. வயிற்று நீர் அப்படிப்பட்ட இடம் அல்ல. அங்கே கிருமியே இருக்கக் கூடாது. புதிதாக ஊசி குத்தி எடுத்த நீரில் கேண்டிடா வளர்ந்திருந்தால், அணுக்கள் குறைவு என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. முற்றிய சிரோசிஸில் வெள்ளணுக்களே சோர்ந்து போயிருப்பதால், எண்ணிக்கை ஏறாததையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பல நாளாக வயிற்றில் இருக்கும் வடிகுழாயிலிருந்து எடுத்த நீர் என்றால் கதை வேறு. பூஞ்சை குழாயில் மட்டும் படிந்திருக்கலாம். வேறொரு இடத்தில் புதிதாகக் குத்தி எடுத்துச் சரிபார்ப்பது நல்லது. முடிந்தால் அந்தப் பழைய குழாயை அகற்றிவிட வேண்டும். நோயாளி நிலை மோசமாக இருந்தால், அணுக்கள் குறைவாக இருந்தாலும் மருந்து தொடங்கிவிடுவதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். இதில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விதி இன்னும் உருவாகவில்லை.

இதுபோலத் தோன்றும் வேறு இரண்டு

இரைப்பையிலோ சிறுகுடலிலோ புண் வெடித்து ஓட்டை விழுந்தால் அங்கிருந்தும் கேண்டிடா வயிற்று நீருக்கு வரும். அது தன்னிச்சையாக வந்தது அல்ல, அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஒரே கல்ச்சரில் பல வகைக் கிருமிகள் வளர்வது, நீரின் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே போவது, புரதம் 1 கிராமுக்கு மேல் இருப்பது, எல்டிஎச் என்ற நொதி ரத்தத்தின் இயல்பளவையும் தாண்டுவது எல்லாம் ஓட்டையைக் காட்டும் தடயங்கள். அப்போது சிடி ஸ்கேன் எடுக்காமல் இருக்கக் கூடாது. ஓட்டையை அடைக்காமல் பூஞ்சை மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று வயிற்றுக் காசநோய். அதில் நீரில் கூடுவது நியூட்ரோபில் அல்ல, லிம்ஃபோசைட் என்ற வேறொரு வெள்ளணு. சிரோசிஸும் காசநோயும் ஒரே ஆளுக்கு இருப்பது இங்கே அபூர்வமும் அல்ல. கிரிப்டோகாக்கஸ் தொற்றிலும் லிம்ஃபோசைட் கூடலாம் என்பதால், காசநோய் என்று நினைத்து மருந்து தொடங்கும் முன் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜெனையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மருந்துகள்

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது பாக்டீரியாவுக்குக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். உயிரியல் உறவுமுறையில் பூஞ்சை நமக்கு நெருக்கம், அதன் செல்லும் நம் செல்லும் பலவகையில் ஒன்றுபோல இருக்கும். அதைக் கொல்வது நம்மையும் தாக்கலாம். ஆகவே இருக்கும் சில வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டுதான் மருந்துகள் செய்திருக்கிறார்கள்.

நம் செல்லுக்குச் சுவர் கிடையாது, பூஞ்சைக்கு உண்டு. அந்தச் சுவரில் உள்ள குளுக்கானைக் கட்டவிடாமல் தடுப்பவை எகினோகேண்டின் மருந்துகள்: காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின். மூன்றும் ஊசிதான், மாத்திரையாகக் கிடையாது. நிலை மோசமாக உள்ளவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் தொற்று பிடித்தவர்களுக்கும் பொதுவாக இதில்தான் தொடங்குவார்கள். சிறுநீரகத்துக்குப் பெரிய தொந்தரவு தராதது இவற்றின் நல்ல குணம். காஸ்போஃபங்கினை வழக்கமாக முதல் நாள் 70 மில்லிகிராம், பிறகு தினமும் 50 என்று போடுவார்கள். கல்லீரல் ஓரளவு பழுதானவர்களுக்குத் தினசரி அளவை 35 ஆகக் குறைக்கச் சொல்கிறது மருந்தின் குறிப்பு. அனிடுலாஃபங்கினுக்கு அப்படிக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு குறை: ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு இவை வயிற்று நீரில் சேர்வதில்லை. கிரிப்டோகாக்கஸ் மேல் இவை வேலையே செய்யாது.

அடுத்தது ஃப்ளூகோனசோல். பூஞ்சையின் சவ்வில், நம்மிடம் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில், எர்கோஸ்டிரால் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. அதைத் தயாரிக்க விடாமல் தடுப்பது இந்த மருந்து. விலை குறைவு, மாத்திரையாகவும் உண்டு, வயிற்று நீருக்குள் நன்றாகப் போகும். ஆனால் குரூசி வகைக்கு இது கேட்கவே கேட்காது, கிளப்ராட்டாவுக்குச் சரியாகக் கேட்காது. எந்த கேண்டிடா என்று லேப் சொல்லும்வரை எகினோகேண்டின், ஃப்ளூகோனசோலுக்கு மசியும் ரகம் என்று தெரிந்து நோயாளியும் தேறினால் ஃப்ளூகோனசோல் என்பது பல இடங்களில் நடைமுறை. வோரிகோனசோலும் இதே குடும்பம்தான் என்றாலும், கல்லீரலுக்கு அது தரும் தொந்தரவு அதிகம் என்பதால் இந்த நோயாளிகளிடம் தயங்கித்தான் பயன்படுத்துவார்கள்.

ஆம்ஃபோடெரிசின் பி பழைய பலசாலி. எர்கோஸ்டிராலோடு ஒட்டிக்கொண்டு பூஞ்சையின் சவ்வையே ஓட்டையாக்கிவிடும். ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். முற்றிய சிரோசிஸில் சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பதால், கேண்டிடாவுக்கு வேறு வழியில்லாதபோது மட்டும், அதுவும் லைப்போசோமல் என்ற மென்மையான வடிவத்தில் கொடுப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் என்றால் இதைத் தவிர்க்க முடியாது, ஃப்ளூசைட்டோசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தோடு சேர்த்துத் தருவார்கள்.

2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற வகை இப்போது இந்திய ஐசியூக்களிலும் இருக்கிறது. பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் மசியாது, ஆளுக்கு ஆள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பரவும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் உச்ச வரிசையில் இருப்பவை நான்கு: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ். கல்ச்சர் ரிப்போர்ட்டில் வெறுமனே ‘கேண்டிடா வகை’ என்று மட்டும் வந்தால், எந்த வகை, எந்த மருந்துக்கு மசியும் என்று லேபை மறுபடி கேட்க வேண்டும்.

ரத்தத்திலும் கேண்டிடா இருந்தால் சிகிச்சை நீளும். ரத்தக் கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து 14 நாளாவது மருந்து தொடர வேண்டும். கண் மருத்துவரையும் வரவழைப்பார்கள். வயிற்றில் நோய் இருக்கும்போது கண்ணைப் பார்ப்பானேன் என்று வீட்டார் குழம்பலாம். ரத்தத்தோடு போகும் கேண்டிடா விழித்திரையில் தங்கிப் பார்வையைக் கெடுக்கக்கூடும் என்பதுதான் காரணம்.

வராமல் தடுக்க

சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும் முன்கூட்டியே பூஞ்சை மருந்து கொடுத்து வைப்பதைப் பொதுவாக யாரும் பரிந்துரைப்பதில்லை. அதனால் மருந்துக்கு மசியாத வகைகள்தான் பெருகும். பயன் தருவது சின்னச் சின்ன விஷயங்கள்: தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது, தேவை முடிந்த அன்றே சிரைக் குழாயையும் சிறுநீர்க் குழாயையும் எடுப்பது, ஊழியர்களின் கை சுத்தம். மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று வாங்கி வருடக்கணக்கில் விழுங்கும் பான்டோபிரசோல் போன்றவை இரைப்பை அமிலத்தைக் குறைத்துக் கிருமிகளுக்கு வழிவிடுகின்றன. வயிற்று நீர்த் தொற்றோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எதற்காகத் தொடங்கினார்கள், இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடலாம். வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தாமாகப் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்கு ஆகாது, வயிற்றில் நீர் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

தொற்று அடங்கிய பிறகும் இறுகிய கல்லீரல் அப்படியேதான் இருக்கும். ஆகவே தேறியவர்களைக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தகுதியா என்று மதிப்பிட அனுப்புவார்கள். தொற்று நடந்துகொண்டிருக்கும்போது அந்த அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள், நீரும் ரத்தமும் சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டும். மாற்றிய பிறகும் ஃப்ளூகோனசோல் தொடர வேண்டியிருந்தால், புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் டாக்ரோலிமஸைக் குறைத்துக் கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்ப்பார்கள். ஃப்ளூகோனசோலை நிறுத்தும்போது டாக்ரோலிமஸை மறுபடி கூட்ட வேண்டும்.